லண்டன் பத்தாம் எண் வீடும் நம் கீழ்த்தள அறையும்

(அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14 மாலை, நம் குடியிருப்பின் பொது அரங்கில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். – செய்திமடல் குழு)



போன வாரம் செயலாளர் சார் லிஃப்டில் பார்த்து, "பதினாலாம் தேதி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார். என்னிடம் பத்து நிமிஷம் என்று சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்கும் தெரியும். பின்னால் மேசையில் சுண்டல் இருக்கிறது. நடுவில் எழுந்து போய் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அரசியல் சட்டத்தைப் பற்றிக் குழந்தைகள் அழகாகப் பேசிவிட்டார்கள். நான் ஒரு வீட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். நாமெல்லாம் வீடு வாங்கி, லோன் கட்டி, மெயின்டெனன்ஸ் பாக்கிக்குச் சண்டை போடுகிற ஆட்கள். வீட்டுக் கதை என்றால் நமக்குச் சீக்கிரம் புரியும்.

வீடு லண்டனில் இருக்கிறது. பிரிம்ரோஸ் ஹில் பக்கத்தில், கிங் ஹென்றிஸ் ரோடு, கதவு எண் 10. அந்த ஊர் வழக்கப்படி வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. 1921, 22 வாக்கில் அதில் ஒரு இந்திய மாணவர் தங்கியிருந்தார். பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். நான் நேரில் பார்த்ததில்லை, படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

அந்த வீட்டுக்குள் போவதற்கு முன்னால் வேறொரு கதவைச் சொல்ல வேண்டும். அது சாத்தப்பட்ட கதவு.

1917. அம்பேத்கர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டனிலும் படிப்பைத் தொடங்கி, உதவித்தொகைக் காலம் முடிந்ததால் பாதியில் விட்டுவிட்டு இந்தியா திரும்பியிருக்கிறார். படிக்க வைத்த பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பரோடாவில் ரயிலை விட்டு இறங்கியதும் அவர் முன்னால் நின்ற கேள்வி, ராத்திரி எங்கே தங்குவது என்பதுதான். இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். சாதியை மறைத்துக்கொண்டு போக அவருக்கு மனமில்லை. கடைசியில் பார்சிகளுக்கான ஒரு சத்திரத்தில், வேறு யாரும் வராத காரணத்தால் காசு வரட்டும் என்று நினைத்த காப்பாளர், ரெஜிஸ்டரில் ஒரு பார்சிப் பெயரை எழுதி மாடியில் இடம் கொடுத்தார். பதினோராம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், கையில் தடியுடன் ஒரு கூட்டம் படியேறி வந்தது. சாயங்காலத்துக்குள் காலி செய் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். அவர் இரண்டு நண்பர்களிடம் போய்க் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இரண்டு பேருமே தட்டிக்கழித்தார்கள். காமாட்டி பாக் என்று அந்த ஊரில் ஒரு பூங்கா. அங்கே போய் உட்கார்ந்திருந்துவிட்டு, ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். பதினெட்டு வருஷம் கழித்தும் அதை நினைத்தால் கண்ணில் நீர் வருகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அந்தக் குறிப்புகளுக்குப் பெயர். நம் நூலக வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டால் தமிழில் கிடைக்கும் இடத்தைச் சொல்கிறேன்.

அன்றைக்கு அவர் உலகத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர், சமஸ்தான அதிகாரி. ஊரில் ஒரு அறை கிடைக்கவில்லை. இங்கே வீட்டு ஓனர்கள் நிறைய பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஃப்ளாட் காலியானதும் புரோக்கர் போன் பண்ணி முதலில் என்ன கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "சார், எந்த மாதிரி ஆளுங்களுக்குக் கொடுப்பீங்க?" என்று கேட்பார். நாமும் ஏதோ ஒரு பதில் சொல்கிறோம். இன்றைக்கு அந்த விஷயத்துக்கு இதற்கு மேல் போகவில்லை. செயலாளர் சார் முகம் மாறுகிறது.

சரி, லண்டன். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் ஷாகு மகாராஜா உதவினார். நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கடன் கொடுத்தார். பாருங்கள், தடியோடு வந்ததும் பார்சிகள், கடன் கொடுத்ததும் ஒரு பார்சி. 1920இல் மறுபடி லண்டன் போனார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதாரம், கிரேஸ் இன்னில் சட்டம். இரண்டையும் ஒன்றாகப் படித்தார். பம்பாயில் மனைவி ரமாபாய் பற்றாக்குறையில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். இவர் இங்கே சாப்பாட்டில் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். ரூபாயின் பிரச்சினையைப் பற்றி எழுதிய ஆய்வு 1923இல் புத்தகமாக வந்தது. அந்தப் படிப்புக் காலத்தில் அவர் இருந்த இடங்களில் ஒன்றுதான் இந்தப் பத்தாம் எண் வீடு.

அன்றைக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ராத்திரி வெகு நேரம் விளக்கு எரிகிற ஒரு வெளிநாட்டுப் பையன், அவ்வளவுதான்.

பிற்காலத்தில் அந்த வீட்டுச் சுவரில், இன்னார் இங்கே வாழ்ந்தார் என்று ஒரு பலகை பதித்தார்கள். வீடு பல கை மாறி, 2014இல் விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் இருக்கும் அம்பேத்கரிய, பௌத்த அமைப்புகளின் கூட்டமைப்பினர் இதைக் கவனித்து, இந்திய அரசு இதை வாங்க வேண்டும் என்று எழுதினார்கள். மகாராஷ்டிர அரசு முன்வந்து 2015இல் வாங்கியது. 30 லட்சம் பவுண்டுக்கும் மேல். இந்தக் கணக்கைப் பொருளாளர் சாரிடம் விட்டுவிடுகிறேன். அந்த வருஷம் நவம்பர் 14 அன்று பிரதமர் மோடி போய்த் திறந்துவைத்தார். உள்ளே அவருடைய படங்கள், எழுத்துகள், ஒரு படுக்கை, மேசை நாற்காலி, புத்தகங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெருவில் இருக்கும் மற்ற வீடுகளைப் போலவேதான்.

இதற்குப் பிறகுதான் நமக்கு வேண்டிய கதை வருகிறது.

அந்த ஊரில் ஒரு கட்டடம் வீடா, கடையா, அருங்காட்சியகமா என்று உபயோகத்துக்கு ஏற்ப அனுமதி வாங்க வேண்டும். நம்ம சிஎம்டிஏ மாதிரி. வீடாக இருந்ததை அருங்காட்சியகமாக மாற்றும் அனுமதி வாங்காமலே திறந்துவிட்டார்கள். பிரதமர்கள் வந்து திறந்தால் அனுமதி தானாக வந்துவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு, கேம்டன் கவுன்சிலில் அது எடுபடவில்லை. தெருக்காரர்களில் இரண்டு பேர் புகார் கொடுத்தார்கள். இது குடியிருப்புத் தெரு, கூட்டம் வருகிறது, பேருந்தில் வந்து இறங்கிப் படம் எடுக்கிறார்கள், சத்தம் என்று. பின்னோக்கி அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். கவுன்சில் 2018இல் மறுத்துவிட்டது. குடியிருப்புக்கான இடம் ஒன்று குறைந்துபோகிறது என்பது முக்கியமான காரணம்.

கோபம் வருகிறது, இல்லையா? எனக்கும் முதலில் வந்தது. அம்பேத்கர் வீட்டைத் திறக்கக்கூடாது என்று சொல்ல இவர்கள் யார் என்று. ஆனால் கவுன்சில் சொன்னதை இரண்டாவது தடவை படித்தபோது, கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. லண்டனில் சாதாரண ஆட்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டம். இருக்கிற வீடுகளை எல்லாம் அலுவலகமாகவும் விடுதியாகவும் மாற்றிக்கொண்டே போனால் குடியிருப்பவன் எங்கே போவான்? அதனால் அப்படி ஒரு விதி. தப்பான விதி இல்லை. நாமே என்ன செய்தோம்? மூன்று வருஷம் முன்னால் டி பிளாக்கில் ஒரு ஃப்ளாட்டை மேன்ஷன் மாதிரி ஆக்கி, ஒரு அறைக்கு ஆறு பேர் என்று கட்டில் போட்டபோது, லிஃப்ட் தாங்காது, தண்ணீர் பத்தாது என்று எல்லாரும் ஒன்றாக நின்று நிறுத்தவில்லையா? அன்றைக்கு நாம் பேசியதும் "இது குடியிருப்பு" என்ற அதே வார்த்தைதான். அன்றைக்கு நாம் சொன்னது நியாயம்.

ஆகவே கேம்டன்காரர்களை வில்லன் ஆக்கிவிட்டுச் சுலபமாகத் தப்பிக்க முடியாது. விதி நியாயமானது. இந்த வீட்டுக்கு அந்த விதியில் இடம் உண்டா என்பது தனிக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் தேடிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. மேல்முறையீடு போனது. 2019 செப்டம்பரில் பொது விசாரணை நடந்தது. இரண்டு பக்கமும் வாதம். தெருவில் எவ்வளவு தொந்தரவு என்பதும் பேசப்பட்டது, இந்த வீடு யாருக்கு என்ன அர்த்தம் தருகிறது என்பதும் பேசப்பட்டது. 2020 மார்ச்சில் அந்நாட்டு வீட்டுவசதி அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் அனுமதி கொடுத்தார். ஒரு வீட்டின் குடியிருப்பு இடம் குறைவது இழப்புதான், ஆனால் இந்த அருங்காட்சியகத்தின் பண்பாட்டு மதிப்பு அதைவிடக் கனமானது என்பதுதான் முடிவின் சாரம். அடுத்த சில நாட்களில் கொரோனாவுக்காக ஊரே மூடிவிட்டது. அது வேறு கதை.

இழப்பை இழப்பு என்று ஒப்புக்கொண்டே முடிவெடுத்திருக்கிறார்கள். நம் பொதுக்குழுவில் இது நடப்பதே இல்லை. ஒரு யோசனையை ஆதரிக்கிறவர், அதனால் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை என்று சத்தியம் செய்வார். எதிர்க்கிறவர், அதில் ஒரு நன்மையும் இல்லை என்பார். மினிட்ஸ் புத்தகத்தில் இரண்டு பொய்யும் பதிவாகும்.

ஒரு வீட்டை வீடாகவே வைத்திருப்பதில் என்ன இருக்கிறது, சிலை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். டெல்லியில் அலிப்பூர் ரோடு 26ஆம் எண் வீட்டில்தான் 1956 டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் காலமானார். அந்தப் பழைய வீடு இன்று அங்கே இல்லை. அந்த இடத்தில், திறந்து வைத்த அரசியல் சட்டப் புத்தகத்தின் வடிவத்தில் பெரிய தேசிய நினைவகம் கட்டி, 2018 ஏப்ரல் 13 அன்று திறந்தார்கள். பிரமாதமான கட்டடம், போய்ப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே போகிற பள்ளிக்கூடப் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். பத்தாம் எண் வீட்டுக்குப் போகிற பிள்ளை ஒரு சாதாரண மாடிப்படியில் ஏறி, ஒரு சாதாரண அறையில் ஒரு மேசையைப் பார்க்கும். நம்ம வீட்டிலும் இப்படி ஒரு மேசை இருக்கிறதே என்று அதற்குத் தோன்ற வாய்ப்பு உண்டு. என் கட்சி இரண்டாவதுதான்.

பம்பாயில், தாதர் இந்து காலனியில், ராஜகிருகம் இருக்கிறது. பரோடாவில் ஒரு அறைக்கு அலைந்த மனிதர் 1930களில் தானே கட்டிய வீடு. வீடு கட்டினார் என்பதைவிட, புத்தகங்களுக்கு இடம் கட்டி அதில் குடும்பத்தோடு குடியேறினார் என்று சொல்லலாம். கீழ்த்தளத்தில் அருங்காட்சியகம், மேலே அவருடைய குடும்பத்தார் குடியிருக்கிறார்கள். குடியிருப்பும் அருங்காட்சியகமும் ஒரே வாசலில். 2020 ஜூலை 7 அன்று யாரோ புகுந்து பூந்தொட்டிகளையும் கேமராவையும் உடைத்தார்கள். நாடே கொதித்தது. வீடு இன்றும் திறந்திருக்கிறது.

இப்படி ஒட்டி வாழ்வது இந்தியாவில் மட்டும் நடப்பதில்லை. அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடு ஆபர்ன் அவென்யூ 501. அதை மட்டும் துடைத்து வைத்துவிட்டு மற்றதை இடிக்கவில்லை. அந்தத் தெருவில் பக்கத்து வீடுகளையும் பழைய மாதிரியே சீரமைத்து, அவற்றில் வாடகைக்குக் குடும்பங்களை வைத்திருக்கிறது தேசியப் பூங்கா நிர்வாகம். துணி காய்கிற, குழந்தை அழுகிற தெருவாக இருந்தால்தான் அது கிங் ஓடி விளையாடிய தெரு. 2023 டிசம்பரில் ஒரு பெண் அந்த வீட்டின் மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தப் பார்த்தபோது, அந்த வழியாக வந்தவர்கள்தான் ஓடிப்போய்த் தடுத்தார்கள்.

எல்லா இடத்திலும் அப்படித் தடுக்க ஆள் இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் ஃபீனிக்ஸ் குடியிருப்பு. காந்தி 1904இல் தொடங்கியது. அங்கேதான் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை அச்சாயிற்று. ஆரம்பத்தில் அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. ஏனென்றால் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தார்கள். காந்தி இருந்த வீடு மரமும் தகரமும்தான். சர்வோதயா என்று பெயர். சுற்றிலும் இனாண்டா பகுதியில் ஆப்பிரிக்க மக்களும் இந்தியர்களும். 1985 ஆகஸ்டில் நிறவெறி ஆட்சிக்கு எதிரான கொந்தளிப்புக்கு நடுவே அங்கே கலவரம் மூண்டது. இந்தியக் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ஓடின. சர்வோதயா எரிந்தது. பக்கத்தில் இருந்த கட்டடங்களும். வீடில்லாத ஏழை மக்கள் அந்த நிலத்தில் வந்து குடிசை போட்டார்கள். பம்பாயி என்று அந்தக் குடிசைப் பகுதிக்குப் பெயரே வந்துவிட்டது.

நிறவெறி ஆட்சி போனபிறகு அந்த வீட்டை மறுபடி கட்டினார்கள். 2000 பிப்ரவரி 27 அன்று அதிபர் தாபோ எம்பெக்கி திறந்துவைத்தார். இப்போது அது தனியாக நிற்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஜான் டூபே தொடங்கிய ஒலாங்கே பள்ளி, 1994இல் மண்டேலா முதல் ஓட்டுப் போட்ட இடம். இரண்டும் இனாண்டா மரபு வழித்தடம் என்று ஒரே பாதையில் சேர்ந்திருக்கின்றன. குடிசைகள் இன்னும் சுற்றி இருக்கின்றன. அந்த மக்களுக்கு இந்த வீட்டில் ஏதோ ஒன்று இல்லை என்றால், எத்தனை ஜனாதிபதி வந்து ரிப்பன் வெட்டினாலும் அது இன்னொரு தடவை எரியாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? சுற்றுச்சுவரும் செக்யூரிட்டியும் கொடுக்க மாட்டார்கள். நம் செக்யூரிட்டி அண்ணன்மார் தப்பாக நினைக்க வேண்டாம்.

நம் ஊருக்கு வருகிறேன். 1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. தாழ்த்தப்பட்ட மக்களுக்காக இரண்டு பேர் போனார்கள். ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் நம் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், இரட்டைமலை சீனிவாசன். 1893இலேயே பத்திரிகை நடத்தியவர். அவருக்கும் முன்னால் நின்று பேசிய அயோத்திதாச பண்டிதர் 1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. பண்டிதர் மண்டபம் 2023 டிசம்பரில் திறந்தது. அடுத்த தடவை பிள்ளைகளைக் கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, அப்படியே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மண்டபம் கட்டுவதில் நமக்குக் கை பழக்கம். வீட்டைக் காப்பாற்றுவது அபூர்வம். காப்பாற்றிய ஒன்று திருவல்லிக்கேணியில் இருக்கிறது. துளசிங்கப் பெருமாள் கோவில் தெருவில் பாரதியார் கடைசியாக இருந்த வீடு. அரசு வாங்கிப் புதுப்பித்து 1993இல் திறந்தது. சுற்றி முழுக்கக் குடித்தனங்கள். கோவில் கூட்டம், பூக்கடை, ஆட்டோ ஹாரன் எல்லாவற்றுக்கும் நடுவில் அங்கே கவிதைக் கூட்டம் நடக்கிறது. பேருந்தில் ஆட்கள் வந்து இறங்கத்தான் செய்கிறார்கள். தெரு பழகிக்கொண்டது. கொரட்டூரில் எந்தத் தலைவர் வீடு இருக்கிறது என்று கேட்காதீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்து, ஹவுசிங் போர்டு வந்து, அதற்குப் பிறகு ரயிலேறி வந்து குடியேறியவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். நாமெல்லாம் இங்கே ஒருவகையில் பேயிங் கெஸ்ட்.

இனிமேல் சொல்வது கொஞ்சம் என் சொந்தக் கதை.

சைடு கேட் பக்கத்தில் கீழ்த்தளத்தில் ஒரு அறை இருக்கிறது. கட்டும்போது பில்டர் ஆபீஸாக வைத்திருந்தது. இப்போது உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் போன வருஷப் பொங்கல் பானைகளும் இருக்கின்றன. போன செப்டம்பர் பொதுக்குழுவில் ஏ பிளாக் பெண்கள் நாலு பேர் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். அந்த அறையைச் சுத்தம் பண்ணி, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டரை வரை படிப்பறையாக வைக்கலாம். நம் பிள்ளைகளும் வரட்டும். ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களின் பிள்ளைகள், செக்யூரிட்டி பிள்ளைகள், பின் தெருவிலிருந்து வருகிற பிள்ளைகளும் வரட்டும். ஒரே அறையில் டிவியும் சமையலும் படுக்கையுமாக இருக்கிற வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை எங்கே உட்கார்ந்து கணக்குப் போடும் என்று கேட்டார்கள்.

கை தூக்கச் சொன்னபோது, வேண்டாம் என்று தூக்கியவர்களில் நானும் ஒருவன். பேசவும் செய்தேன். மினிட்ஸில் இருக்கிறது, போன மாதம் எடுத்துப் பார்த்தேன். "இது குடியிருப்பு, பொது இடம் அல்ல. வெளியாட்கள் வந்தால் சத்தமும் பாதுகாப்புப் பிரச்சினையும் வரும்" என்று என் பெயரில் எழுதியிருக்கிறது. பிறகு கேம்டன் தெருக்காரர்களின் புகாரைப் படித்தபோது, யாரோ என் வார்த்தையை இங்கிலீஷில் மொழிபெயர்த்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு நான் சொன்ன காரணம் எதுவும் பொய்யில்லை. சத்தம் வரலாம். சைடு கேட்டில் வெளிச்சம் போதாது, அதுவும் உண்மை. ஆனால் மேன்ஷனை எதிர்த்த அன்றைக்கு நான் லிஃப்டில் எத்தனை பேர், டேங்கில் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். படிப்பறைக்கு அப்படி ஒரு கணக்கும் போடவில்லை. எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று கேட்கவில்லை. எந்த வழியாக வருவார்கள் என்று கேட்கவில்லை. யார் வருவார்கள் என்று காதில் விழுந்ததுமே கை மேலே போய்விட்டது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் தினமும் காலை என் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து பெருக்குகிறார்கள். அப்போது பாதுகாப்பைப் பற்றி எனக்கு நினைப்பு வருவதில்லை. இதை என் மனைவிதான் சொன்னாள், அதுவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கவும் முடியவில்லை.

வருகிற மே பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தை மறுபடி எடுக்கச் சொல்லி நானே கடிதம் கொடுத்திருக்கிறேன். எதிர்த்தவர்கள் கேட்டதையெல்லாம் அதில் எழுதியிருக்கிறேன். ஆறு முதல் எட்டரை, அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. ஞாயிறு விடுமுறை. சைடு கேட் வழி மட்டும், பிளாக்குகளுக்குள் போக வேண்டாம். ரெஜிஸ்டரில் பெயர். நம் பிள்ளைகளுக்கும் அதே ரெஜிஸ்டர்தான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரே நேரத்தில் இருபது பேர். மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம். ஆகஸ்டில் மறுபடி உட்கார்ந்து, சத்தம் வந்ததா, எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கை வைத்துப் பேசுவோம். அறைக்கு மேலே இருக்கிற முதல் மாடிக் குடும்பத்துக்குத்தான் உண்மையான சிரமம். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். காபி கொடுத்தார்கள், பதில் இன்னும் கொடுக்கவில்லை. அது அவர்கள் உரிமை.

செலவு பெரிதாக இல்லை. இரண்டு டியூப் லைட், ஒரு ஃபேன், சைடு கேட்டுக்கு ஒரு எல்இடி விளக்கு. அந்த விளக்கு படிப்பறை வந்தாலும் வராவிட்டாலும் போட வேண்டியது, அதை இதில் சேர்த்துக் கணக்குக் காட்டாதீர்கள். மேசை நாற்காலிக்கு சி பிளாக்கில் வீடு மாறிப்போகிற ஒருவர் தருகிறேன் என்றிருக்கிறார். பானைகளை எங்கே வைப்பது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.

தினமும் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும், சாவி அவரிடம் இருக்க வேண்டும். செவ்வாயும் வியாழனும் நான் உட்காருகிறேன். மற்ற நாலு நாளுக்கு மெயின் கேட் செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எதிர்த்து ஓட்டுப் போடப்போகிறவர்களும் அதில் கையெழுத்துப் போடலாம், ஒன்றும் தப்பில்லை. போன தடவை கை தூக்கியவன்தான் முதல் பெயர் எழுதியிருக்கிறான்.

சுண்டல் தீர்ந்துவிட்டதா?